கையொப்பத்தின் பின்: திருகோணமலையிற் காணி உறுதியின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்நாட்டை ஆண்டோரையும் அவர் செய்த போர்களையும் முதற்கண் நோக்குதல் வழக்கம். திருகோணமலையைப் பொறுத்தவரை அவ்வழக்கத்திற்குத் தக்க காரணமும் உண்டு. இயற்கைத் துறைமுகம் வாய்த்த இந்நகரைக் கடலாள விரும்பிய வல்லரசுகள் பலவும் நாடின. போர்த்துக்கேயர் 1624 ஆம் ஆண்டளவில் இங்குக் கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1639 இல் அதனைக் கைப்பற்றினர். பிரான்சியர் 1782 இற் பிடித்துச் சிறிது காலம் வைத்திருந்தனர். 1795 ஓகஸ்ட் மாதத்தில் ஆங்கிலேயர் வந்தனர். 1942 ஏப்ரில் 9 ஆந் திகதி யப்பானிய வானூர்திகள் குண்டு பொழிந்தன. 1957 இலேயே ஆங்கிலக் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது.

கோட்டையிற் கொடி மாறிய அந்நாட்களிலும் நகரத்து ஒழுங்கை ஒன்றில் ஒருவன் தன் வீட்டை விற்றிருப்பான். மற்றொருவன் அதனை வாங்கியிருப்பான். துறைமுகத்தைச் சூழ்ந்த நிலத்தின் பெரும்பகுதி கோட்டைக்கும் கடற்படைக்கும் உரியதாயிருந்த ஊரிலே, குடிகளுக்கு எஞ்சிய நிலம் அருமை உடையது. அவ்வாறு வாங்கியவனை வாட்டிய வினா எக்கொடியின் கீழும் ஒன்றே: இந்நிலம் என்னுடையது என்பதை நாளை ஒருவன் மறுத்தால், எதனைக் காட்டுவேன்?

இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கூறியது. அவ்விடைகளை நிரலே நோக்குவதும், அவற்றிலிருந்து இன்று வீடு வாங்குவோரும் விற்போரும் கற்கவேண்டியது யாதென்று காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கம். நம் பேச்சு வழக்கில் ‘உறுதி முடிந்தது’ என்றொரு தொடர் உண்டு. கையொப்பம் வைத்து வெளியே வந்தவர் அவ்வாறே சொல்வர். அத்தொடர் எத்துணை ஏமாற்றுவது என்பதை வரலாறு நன்கு காட்டும்.

கல்லும் ஊரும்

திருகோணமலைப் பகுதியில் நிலக்கொடை பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளைக் கல்வெட்டுகளிற் காண்கிறோம். நிலாவெளியிற் கிடைத்த சோழர்காலக் கல்வெட்டு, கோணமாமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டமையைக் கூறும். நிலத்தின் எல்லைகளும் அதிற் சொல்லப்பட்டுள்ளன. பிற்காலத்துக் கங்குவேலிக் கல்வெட்டோ, வன்னிபத்தின் தலைவரும் ஊரவரும் கோணநாதர்க்கு நிலமும் வருவாயும் கொடுத்தமையைக் குறிப்பது.

இக்கல்வெட்டுகளின் அமைப்பு நம் சிந்தனைக்குரியது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், நிலத்தின் அளவு எவ்வளவு, எல்லை யாது என்பனவே கல்லிற் பொறிக்கப்பட்டன. இன்றைய நொத்தாரிசு எழுதும் உறுதியிலும் இவையே உள. எல்லைகளைத் திசை வாரியாகச் சொல்லி, அதனுள் அடங்கிய கிணறு, வான்பயிர் முதலியவற்றையும் சேர்த்து எழுதும் வழக்கம் நம் காணி உறுதிகளில் இன்றும் மாறவில்லை. ஆயிரம் ஆண்டுக் கால இடைவெளியைக் கடந்து ஓர் எழுத்து மரபு இவ்வாறு நிலைத்திருத்தல் வியப்புக்குரியதே.

ஆயின் கல்லுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அது மறைவில் இருப்பதன்று. ஊரார் வந்து போகும் இடத்தில் நிற்பது. வாசிக்கத் தெரியாதவனுங்கூட அக்கல் எதனைச் சொல்கிறது என்பதைக் கேட்டறிந்திருப்பான். எனவே பழங்காலத்தில் நில உரிமையின் காவல் எழுத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை, ஊரறிவில் தங்கியிருந்தது.

மூன்று சொற்கள்

ஐரோப்பியர் வருகையால் நில நிருவாகத்தில் நிகழ்ந்த மாற்றத்தை ஆவணங்களைத் தேடாமலே அறியலாம். நம் நாவில் வழங்கும் மூன்று சொற்கள் அதனைச் சொல்லும். அவை தோம்பு, கந்தோர், நொத்தாரிசு என்பன. முதலாவது போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. ஏனைய இரண்டும் ஒல்லாந்தர் தந்தவை.

தோம்பு என்பது நிலங்களையும் அவற்றை உடையாரையும் அவற்றுக்குரிய இறையையும் பதிந்த பேரேடு. போர்த்துக்கேயர் இதனைத் தொடக்கினர். ஒல்லாந்தர் இதனை விரிவாக்கினர். காணித் தோம்பு, தலைத் தோம்பு, பாடசாலைத் தோம்பு எனப் பலவகையாக அவர் பேரேடுகள் பெருகின. இவற்றுட் பாடசாலைத் தோம்பு, திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிந்தது. அதனை எழுதிவைத்தவர் ஊர்ப்பாடசாலை ஆசிரியரே. ஒருவன் யாருக்கு மகன் என்பது தெரிந்தாலன்றி அவன் எந்நிலத்துக்கு உரித்தாளன் என்பது தெரியாதாகலின், அவ்வாசிரியரின் எழுத்தாணி காணி வழக்குகளிலும் இடம்பெற்றது எனல் மிகையாகாது. ஆயினும் தோம்பு குடிகளின் நலங்கருதி எழுந்ததன்று. இறை தண்டுதற்காக எழுந்தது. அரசின் தேவைக்காக எழுதப்பட்ட ஏடு, நாளடைவிற் குடிகளின் உரிமைக்குச் சான்றாக மாறியது.

ஒல்லாந்தர் கொணர்ந்த உரோம-டச்சுச் சட்டத்தில் மற்றொரு கோட்பாடும் இருந்தது. ஐந்தாம் சார்ள்ஸ் பேரரசர் 1529 இல் நெதர்லாந்திற் பிறப்பித்த கட்டளையின்படி, நிலம் கைமாறுவது அந்நிலம் அமைந்த இடத்து நீதிபதியின் முன்னிலையில் நிகழ்தல் வேண்டும். இருவர் தம்முள் இசைந்து கொள்வதாற் பணம் கைமாறலாம். நிலம் கைமாறுவதற்கு ஊருக்குத் தெரிந்த ஓர் அரங்கு வேண்டும் என்பதே அதன் கருத்து.

நம்மவரின் வழக்கமும் இதனோடு ஒத்ததே. திருகோணமலைத் தமிழருட் பலர் யாழ்ப்பாணத்தோடு மணவுறவும் காணியுறவும் உடையராதலின், தேசவழமையை ஈண்டு நோக்குதல் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி அவ்வழக்கங்களைத் திரட்டி 1707 இல் ஒப்படைத்தார். யான் பிரூஸ் என்பார் அதனைத் தமிழாக்க, முதலியார் பன்னிருவர் பார்வையிட்டு உடன்பட்டனர். காணி விற்கக் கருதுவோன் தன் உரித்தாளர்க்கும் பங்காளர்க்கும், அந்நிலத்தை ஈடாகக் கொண்ட அயற்காணியாளர்க்கும் முன்னதாக அறிவித்தல் வேண்டும் என்பது அதிற் கண்ட பழைய வழக்கம். கொமாண்டர் புளூம் காலத்துக்குப் பின் இவ்வழக்கம் ஒரு முறைப்பாடு பெற்றது: விற்கும் எண்ணத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்தடுத்துத் தேவாலயத்தில் அறிவிக்கவேண்டும், முன்னுரிமை கோருவோர் அக்காலத்துள் வந்து தம் உரிமையைக் கூறவேண்டும், அதன் பின்னரே விற்பனை.

இம்முறையின் நுட்பத்தை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். விற்பனை தொடங்கிய நாளுக்கும் முடிந்த நாளுக்கும் இடையே மூன்று கிழமைகள் இருந்தன. அவ்விடைக்காலத்தில் விற்பனை எந்நிலையில் நிற்கின்றது என்பதை ஊர் முழுதும் அறிந்திருந்தது. வாங்குவோன் எவர் வாயிலிலும் போய் நின்று கேட்கவேண்டியதில்லை. செய்தி தானாகவே அவனிடம் வந்தது. முன்னுரிமையின் எல்லையைப் பிற்காலத்தில் 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் பங்காளர், உரித்தாளர் அளவிற் சுருக்கியது. எனினும் முன்னறிவித்தல் என்னும் கோட்பாடு அதனுள்ளும் நிலைத்தது.

எழுத்து அறைக்குள் புகுந்த கதை

ஆங்கிலேயர் 1799 செப்டெம்பர் 23 ஆந் திகதியப் பிரகடனத்தால் ஒல்லாந்தர் காலச் சட்டங்களையே பொதுவாகத் தொடரவிட்டனர். தேசவழமை 1806 இன் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஏற்பிக்கப்பட்டது. நில அளவைத் திணைக்களம் 1800 இலேயே தொடங்கப்பட்டிருந்தது. ஆகவே மரத்தையும் வேலியையும் காட்டிச் சொல்லப்பட்ட எல்லை, படத்தில் வரையப்படும் கோடாக மெல்ல மாறலாயிற்று.

பெருமாற்றம் 1840 இல் வந்தது. அவ்வாண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் மோசடிகளைத் தடுத்தற்காக இயற்றப்பட்டது. நிலத்தை விற்றலும் ஈடு வைத்தலும் எழுத்தில் அமைதல் வேண்டும். உரியவர் கையொப்பமிடல் வேண்டும். நொத்தாரிசு ஒருவரும் குறைந்தது இரு சாட்சிகளும் ஒருங்கே இருக்க அக்கையொப்பம் இடப்படல் வேண்டும். இன்றேல் அவ்வெழுத்துக்குச் சட்டவலு இல்லை என்று அது விதித்தது. இங்கிலாந்தில் 1677 இல் எழுந்த மோசடித் தடைச் சட்டம் எழுத்தும் கையொப்பமும் கேட்டதேயன்றி நொத்தாரிசைக் கேட்கவில்லை. இலங்கைச் சட்டம் அதனினும் இறுக்கமானது. அதே ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமோ, காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலம் மறுதலை நிறுவப்படும் வரை முடிக்குரியது எனக் கொள்ளப்படும் என்றது. ஒரே ஆண்டில் வந்த இவ்விரு சட்டங்களையும் சேர்த்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை தெளிவாகும்: பாட்டன் உழுதான் என்னும் நினைவு இனிப் போதாது, காகிதம் வேண்டும்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. வாய்ச்சொல்லை நம்பி ஏமாறுவது குறைந்தது. ஆயின் ஓர் இழப்பும் நேர்ந்தது. ஊர் நடுவே நடந்த ஒரு செயல் அறைக்குள் புகுந்தது. நொத்தாரிசும் விற்போனும் வாங்குவோனும் சாட்சிகள் இருவரும் மட்டுமே அதனை அறிவர். அதே நிலத்தை விற்றோன் மறுகிழமை மற்றொரு நொத்தாரிசிடம் சென்று மற்றொருவனுக்கு எழுதிக் கொடுத்தால் யார் அறிவார்?

இக்குறையை நீக்குதற்கே உறுதிகளைப் பதிவு செய்யும் முறை 1863 இன் 8 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தால் வந்தது. இன்று நடைமுறையிலுள்ள பதிவுமுறை 1927 இன் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டத்தின்பாற்பட்டது. அதன் உயிர்நாடி ஏழாம் பிரிவு. ஒரு நிலத்தைப் பற்றிய உறுதி பதியப்படாதிருக்க, அதே நிலத்தைப் பற்றிப் பின்னெழுந்த உறுதியொன்றை ஒருவன் விலை கொடுத்துப் பெற்று முதலிற் பதிவானாயின், பின்னவனுக்கு எதிராக முன்னவனது உறுதி வலுவிழக்கும். சூதும் கூட்டுச்சதியும் நிறுவப்பட்டாலன்றி இவ்விதி தளராது. முன்னர் எழுதியவன் முந்தியவனல்லன்; முன்னர்ப் பதிந்தவனே முந்தியவன்.

பதிவேட்டினால் விற்பனை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது உண்மையே. ஆயினும் இவ்வெளிச்சம் பழைய வெளிச்சமன்று. கல்வெட்டு வழியில் நின்றது. தேவாலய அறிவித்தல் செவியில் விழுந்தது. பதிவேடோ கந்தோருள் மூடியபடி இருக்கும். கேட்போர்க்கே அது வாய் திறக்கும். முன்னர்ச் செய்தி நம்மிடம் வந்தது. இப்பொழுது நாம் செய்தியைத் தேடிச் செல்லல் வேண்டும். நில உரிமை வரலாற்றில் நிகழ்ந்த இம்மாற்றத்தை நம்மவருட் பலர் இன்னும் உணர்ந்திலர்.

உறுதியின் பயணம்

இனி, ஓர் உறுதி செல்லும் வழியைச் சற்று நோக்குவோம். நொத்தாரிசுகள் பற்றிய 1907 இன் 1 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அவ்வழியை வகுத்துள்ளது. உறுதி எழுதுமுன் நொத்தாரிசு காணிப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தல் வேண்டும். தேடல் வேண்டாம் என்று கட்சிக்காரர் எழுத்திற் சொன்னால் அக்கடமை அவரை விட்டு நீங்கும். செலவு குறையும் என்றெண்ணி அவ்வாறு எழுதிக் கொடுப்போர், தம் கண்ணைத் தாமே கட்டிக்கொள்வோராவர்.

உறுதி மூன்றாக எழுதப்படும். மூலம் வாங்கியோனுக்கு உரியது. இரண்டாவது நொத்தாரிசின் காப்பில் இருக்கும். மூன்றாவதாகிய இணைப்பிரதியை, அடுத்த மாதம் 15 ஆந் திகதிக்குள், அம்மாதத்து உறுதிகளின் பட்டியலோடு காணிப் பதிவாளருக்கு அவர் அனுப்புதல் வேண்டும். ஒருவரது வீடு இவ்வாறு மூன்று இடங்களில் எழுத்தாக வாழ்கின்றது: உடையவரின் பெட்டியிலும், நொத்தாரிசின் அலுமாரியிலும், அரசின் கந்தோரிலும். ஒன்று அழிந்தால் மற்றொன்று பேசும் என்பதே இவ்வமைப்பின் கருத்து.

ஆயின் இணைப்பிரதி கந்தோருக்குச் சென்றது என்பதால் உறுதி பதியப்பட்டது என்று கொள்ளுதல் தவறு. இவ்விடத்திற் கற்றோரும் மயங்குவர். இணைப்பிரதி சேமிப்பதற்காக அனுப்பப்படுவது. பதிவோ உறுதி முறைப்படி முன்வைக்கப்பட்டு, அந்நிலத்துக்குரிய ஏட்டின் பக்கத்திற் குறிக்கப்படுவது. ஒரு நிலத்துக்கு ஓர் ஏடும் ஒரு பக்கமும் உண்டு. அப்பக்கம் நிரம்பினால் எப்பக்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது என்று அங்கேயே எழுதப்படும். இச்சங்கிலியை விட்டு வேறொரு பக்கத்தில் உறுதி பதியப்பட்டால், பதிந்தும் பதியாததற்கு ஒப்பாகும்; சரியான பக்கத்திற் பதிந்த பிறனுக்கு எதிராக அது முன்னுரிமை தாராது என்பதை நீதிமன்றங்கள் வலியுறுத்தியுள்ளன.

இரு வீடுகள்

இதுகாறும் கூறியது சட்டத்தின் கூற்று. அது வாழ்க்கையில் எவ்வாறு பலித்தது என்பதற்கு இக்கட்டுரையாசிரியர் கண்ட இரு வீடுகளைச் சொல்லுதல் தகும்.

முதலாவது எம் தந்தையாரது. அவர் எழுதுவினைஞராக இருந்து, சிறுகச் சேர்த்த பணத்தில் உட்துறைமுகத்துக்கு அண்மையில் ஒரு சிறு வளவையும் வீட்டையும் வாங்கினார். கையொப்பம் வைத்த நாளோடு அவர் ஓயவில்லை. அடுத்த மாதம் 16 ஆந் திகதி காணிக் கந்தோருக்குச் சென்று இணைப்பிரதி வந்ததா என்று கேட்டார். மறுமாதம் சென்று பதிவு நடந்ததா என்று கேட்டார். மூன்றாம் முறை சென்று, தேடற் கட்டணம் செலுத்தி, ஏட்டின் பக்கத்தைத் தம் கண்ணாற் பார்த்தார். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், ஏட்டின் இலக்கம், பக்கம் ஆகியவற்றை வீட்டுச் செலவு எழுதும் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைத்தார். “காணி என்ன, ஓடிப் போய்விடுமா?” என்று உறவினர் நகைத்தனர்.

காணி ஓடவில்லை, நாங்கள் ஓடினோம். 1990 யூன் மாதத்தில் ஊரை விட்டு நீங்கியபோது உறுதி இருந்த றங்குப்பெட்டியை எடுக்க இயலவில்லை. எடுத்துச் சென்ற உடுப்புப் பையினுள் அக்கொப்பி மட்டும் எவ்வாறோ இருந்தது. ஐந்தாண்டுகளின் பின் திரும்பியபோது கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. தந்தையார் கொப்பியை எடுத்துக்கொண்டு கந்தோருக்குச் சென்றார். இலக்கமும் பக்கமும் தெரிந்தமையால் சான்றுப்படுத்திய பிரதி அவர் கைக்கு வந்தது. அன்று மாலை எரிந்த வீட்டின் திண்ணையில் அமர்ந்து, அவர் அதனை வாய்விட்டு வாசித்தார். நான்கு எல்லைகளையும் வாசித்து முடித்தபின்னரே தாயார் அழுதார்.

இரண்டாவது வீடு அயலவர் ஒருவரது. அவரும் நேர்மையான பணங் கொடுத்து, நொத்தாரிசின் முன் முறைப்படி உறுதி பெற்றவரே. “பதிந்து வரும், அறிவிப்போம்” என்று சொல்லப்பட்டது. அவர் காத்திருந்தார், கேட்கவில்லை. கேட்பது அவரை நம்பாமைக்கு ஒப்பாகும் என்று எண்ணினார். உறுதி பதிவுக்கு முன்வைக்கப்படாமலே பல மாதங்கள் கழிந்தன. விற்றவர் அவ்விடைவெளியில் அதே வளவை வேறொருவரிடம் ஈடு வைத்துப் பெருந்தொகை பெற்றார். ஈட்டு உறுதி உடனே பதியப்பட்டது. கடன் கொடுத்தவர் சூதறியாதவர். ஆகவே சட்டம் அவர் பக்கம் நின்றது. தாம் பெறாத கடனைத் தாம் வாங்கிய வீட்டுக்காக அயலவர் இறுத்தார்; மகளின் நகைகள் அதிற் போயின. அந்நொத்தாரிசு யார் என்பது ஈண்டு வேண்டுவதன்று. ஒரு வினாவைக் கேட்க நாணியமையே அவர் செய்த பிழை.

காலம் என்னும் எதிரி

போர்க்காலம் காணி உரிமைக்கு வேறோர் இடரையும் தந்தது. 1871 இன் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தின்படி, உடையவனது உரிமையை ஏற்காமல் அவனுக்கு எதிராகப் பத்தாண்டுகள் இடையீடின்றி நிலத்தை ஆண்டவன் அந்நிலத்துக்கு உரிமை கோரலாம். அமைதிக் காலத்தில் இவ்விதி நியாயமானது. தன் காணியைப் பத்தாண்டுகள் எட்டிப் பாராதவன் அதனைக் கைவிட்டான் எனக் கருதலாம். ஆயின் உயிர் காக்க ஓடியவன் கைவிட்டவனல்லன். இவ்வேறுபாட்டைச் சட்டம் காலந்தாழ்த்தியே கண்டது. 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுவொன்றின் நடவடிக்கைகளால் தம் உரிமைக்காக நீதிமன்றஞ் செல்ல இயலாதிருந்தோர்க்கு எதிராக அக்காலத்தை எண்ணலாகாது என விதித்தது. அப்பயனை நாடியோரும் தாம் முன்னர் உடையவர் என்பதை நிறுவவேண்டியவராயினர். அங்கும் பழைய ஏடே துணை நின்றது. 2004 திசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை கரையோர வீடுகளைக் கொண்டுசென்றபோதும் நிலை இதுவே. கடல் பெட்டியை எடுக்கலாம். பதிந்த பக்கத்தை அறிந்தவனிடம் தொடங்குவதற்கு ஓர் இடம் எஞ்சும்.

இங்கு மற்றொன்றையும் தெளிதல் வேண்டும். நம் பதிவேடு உறுதியைப் பதிவதேயன்றி உரிமையை உறுதிப்படுத்துவதன்று. உரிமை இல்லாதவன் எழுதிய உறுதியும் பதியப்படலாம். பதிவினால் அது நல்லுறுதி ஆகிவிடாது. இக்குறையை உணர்ந்தே தென் அவுஸ்திரேலியாவில் ரொபேட் டொறன்ஸ் என்பவர் 1858 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் வாயிலாக வேறொரு முறையைக் கண்டார். அம்முறையில் ஏட்டிலுள்ள பெயரே உரிமை. அதற்கு அரசே பிணை. இலங்கையிலும் 1998 இன் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் அந்நெறியைத் தழுவியது. நாடு முழுவதும் அம்முறை நிறைவேறும் வரை, பழைய உறுதி முறையில் உள்ள காணியை வாங்குவோர் விற்போனது உரிமையின் அடியை முன்னைய உறுதிகளூடே தாமே பின்தொடர்ந்து பார்த்தல் இன்றியமையாதது.

முடிபு

வரலாற்றிலிருந்து நடைமுறைக்கு வருவோம். வீடு வாங்குவோர் கேட்கவேண்டியவை சிலவே. எழுதுமுன்: பதிவேடு தேடப்பட்டதா, ஈடோ வழக்குப் பதிவோ பங்காளர் உரிமையோ அப்பக்கத்தில் உண்டா, அளவைப்படத்தில் உள்ள எல்லையும் நிலத்தில் உள்ள வேலியும் ஒன்றா. எழுதும்போது: விலைப்பணம் நொத்தாரிசின் முன்னிலையிற் கொடுக்கப்பட்டமை அவரது அத்தாட்சியிற் கூறப்பட்டதா. எழுதியபின்: உறுதி பதிவுக்கு எந்நாள் முன்வைக்கப்பட்டது, எந்த ஏட்டின் எந்தப் பக்கத்திற் பதியப்பட்டது, அடுத்த மாதம் 15 ஆந் திகதி கடந்தபின் இணைப்பிரதி சேர்ந்ததா, பதிவுக் குறிப்போடு மூல உறுதி கைக்கு வந்ததா. அச்சம் உடையோர், தமக்கு அறிவியாது அந்நிலத்தைப் பற்றிய வேறெதுவும் பதியப்படாதவாறு தடையறிவித்தல் கொடுத்து வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. சோலைவரிப் பதிவிற் பெயர் மாறியதைக் கொண்டு மட்டும் மனநிறைவு கொள்ளலாகாது; வரி செலுத்துவோன் என்பது வேறு, உடையவன் என்பது வேறு.

விற்போருக்கும் இதிற் பங்கு உண்டு. காணி தம் பெயரில் நின்று, கைமாறியது பதியப்படாதவரை, நாளை எழும் வழக்கில் அவரும் அலைய நேரும். எனவே வாங்கியவர் கேளாவிடினும் விற்றவர் கேட்பது நன்று.

இவ்வாறு கேட்பது ஐயுறவு ஆகாதோ எனின், ஆகாது. மூன்று ஞாயிறுகள் விற்பனையை அறிவித்த நம் முன்னோர் எவரையும் அவமதிக்கவில்லை. அனைவரும் அறிய நடப்பதே நேர்மைக்குக் காவல் என்று கண்டனர். அக்காவல் அன்று ஊரிடம் இருந்தது. இன்று அது வாங்குவோன் கையில் உள்ளது. எம் மாணாக்கருட் பலர் வருங்காலத்தில் உத்தியோகம் பார்த்து வீடு வாங்குவர். அவர்களுக்கு யாம் சொல்லக்கூடியது இதுவே: கையொப்பம் வைத்த அன்று ஒரு கொப்பியை எடுங்கள், அதன் பின்னட்டையில் உறுதியின் இலக்கத்தை எழுதுங்கள், பக்கத்தின் இலக்கத்துக்கு இடம் விட்டு வையுங்கள். அவ்விடம் நிரம்பும் வரை உறுதி முடிந்தது என்று எவரிடமும் சொல்லாதீர்கள்.